குரு ஹர் ராய் நாளும் ஊர்க்குளமும்: சீக்கியர் முறையில் ஒரு நீர்நிலைப் பணியை நடத்தும் வழி

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு குளத்தையோ சானல் (கால்வாய்) கரையையோ ஆண்டு முழுவதும் பேணுவதற்கு ஆள் திரட்ட நினைக்கும் மாணவர் அமைப்புகள், ஆலய இளைஞர் இயக்கங்கள், அய்யாவழியினரின் வழிபாட்டிடங்களான பதிகளையும் நிழல் தாங்கல்களையும் சார்ந்த அன்பர்கள், குடியிருப்போர் சங்கங்கள் ஆகியோருக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. இதில் சொல்லப்படும் முறை சீக்கியருடையது. அதைக் கடைப்பிடிக்க யாரும் சீக்கியராக வேண்டியதில்லை. சீக்கியரைப் போல வேடமிடவும் தேவையில்லை. எங்கிருந்து கற்றோம் என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கினால் போதும்.

அந்த முறையைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. இயற்கையைப் போற்றும் வாசகங்கள் எல்லாச் சமயங்களிலும் உள்ளன. சீக்கியர்களிடம் அந்த வாசகங்களோடு சேர்ந்து, நூற்றுக்கணக்கானோரை ஒரே இடத்தில் கூலியின்றி வேலை செய்யவைத்து, அவர்கள் அனைவருக்கும் சோறு போட்டு, அடுத்த முறையும் வரவழைக்கும் நடைமுறை ஒன்று பல தலைமுறைகளாகப் பழகிப் பதிந்திருக்கிறது. நம் ஊர்க்குளங்களுக்குத் தேவைப்படுவது அந்த நடைமுறைதான்.

சமய அடிப்படை, சுருக்கமாக

பணிக்கு வருகிறவர்களிடம் ஐந்து நிமிடம் பேச நேர்ந்தால் மூன்று செய்திகளைச் சொல்லலாம். முதலாவது, சீக்கியர் நாள்தோறும் காலையில் ஓதும் ஜப்ஜி சாகிபின் இறுதிப் பாடல். சீக்கிய சமயத்தை நிறுவிய குரு நானக் (1469–1539) அதில் காற்றைக் குருவாகவும், நீரைத் தந்தையாகவும், பூமியைப் பெருந்தாயாகவும், பகலையும் இரவையும் உலகத்தை மடியில் வைத்து வளர்க்கும் செவிலியராகவும் காண்கிறார். இரண்டாவது, அவருடைய ஆரத்திப் பாடல்; அதில் வானமே தட்டாகவும், கதிரும் மதியும் விளக்குகளாகவும், காற்று கவரியாகவும், காட்டு மரஞ்செடிகள் அனைத்தும் மலர்களாகவும் ஆகிவிடுகின்றன. மாலைகளையும் பூசைப் பொருள்களையும் பாலித்தீன் பையோடு குளத்தில் போடும் வழக்கத்தைப் பற்றி யார் மனமும் புண்படாமல் பேச இந்தப் பாடல் நல்ல வாயிலாக அமையும்.

மூன்றாவது, ஏழாவது குருவான ஹர் ராய். 1630இல் பிறந்து 1644இல், பதினான்கு வயதில், குருபீடம் ஏறிய இவர் கீரத்பூரில் மூலிகைத் தோட்டம் அமைத்து, நாடிவந்தவர்களுக்கு மருந்து கொடுத்தவர். சிறுவனாக இருந்தபோது அவருடைய அகன்ற அங்கி பட்டுச் செடியிலிருந்த பூக்கள் உதிர்ந்ததாகவும், பெரிய அங்கி அணிந்தவன் அதை ஒடுக்கிப் பிடித்து நடக்கவேண்டும் என்று பாட்டனார் குரு ஹர்கோபிந்த் அறிவுறுத்தியதாகவும் சீக்கியர் சொல்லிவருகிறார்கள். மருந்துவாழ் மலையின் அடிவாரத்தில் வாழ்கிறவர்களுக்கு மூலிகை வளர்த்த குருவைப் பற்றி நெடுநேரம் விளக்கவேண்டியிராது. ஆனால் எனக்கு அங்கிக் கதைதான் இந்தப் பணிக்கு அதிகம் உதவுவதாகத் தோன்றுகிறது. ஜேசிபி இயந்திரத்தைக் குளத்தில் இறக்கலாமா என்ற கேள்வி வரும்போது அது மறுபடி நினைவுக்கு வரும்.

இவற்றோடு நிறுத்திவிடுவது நல்லது. பஞ்சாபின் இன்றைய நிலையையும் மறைக்காமல் சொல்லிவிடவேண்டும். அந்த மாநிலத்தின் பரப்பில் காடு 4 விழுக்காட்டுக்கும் குறைவு. நெல்லுக்கும் கோதுமைக்கும் ஓயாமல் இறைத்ததில் நிலத்தடி நீர் ஆண்டுக்கு ஆண்டு தாழ்கிறது. அறுவடை முடிந்ததும் வயலில் தாள் எரிக்கும் புகை தில்லி வரை பரவுகிறது. நீரைத் தந்தை என்று நாள்தோறும் ஓதும் மக்களின் நாட்டிலேயே இப்படி நடக்கிறது என்பதால்தான், ஓதுதலோடு நில்லாமல் மண்வெட்டியைக் கையில் எடுத்தவர்களை நாம் கவனிக்கவேண்டியிருக்கிறது.

அவர்களுள் முதலில் சொல்லவேண்டியவர் பல்பீர் சிங் சீச்சேவால். குரு நானக் நீராடி ஞானம் பெற்றதாகச் சீக்கியர் நம்பும் காளி பேயீன் என்ற சிற்றாறு சுமார் 160 கிலோமீட்டர் நீளமுடையது. சாக்கடையும் ஆகாயத்தாமரையும் மூடி அது இறந்தே போயிருந்தது. 2000ஆம் ஆண்டில் அவர் தம் அடியார்களோடு சுல்தான்பூர் லோதியில் அதற்குள் இறங்கினார். அவர்கள் செடியைக் கையால் வாரினார்கள், கரையைச் சீர்ப்படுத்தினார்கள், படித்துறை கட்டினார்கள். அதைவிட முக்கியமாக, ஆற்றில் கலந்துகொண்டிருந்த ஊர்க்கழிவுநீரைக் குழாய் வழியே திருப்பி, தொட்டிகளில் கசடு படியவைத்து, குட்டையில் தேக்கி, வயலுக்குப் பாய்ச்சும் ஏற்பாட்டை ஊர் ஊராகச் செய்தார்கள். 2006இல், குடியரசுத் தலைவராக இருந்த நம் அப்துல் கலாம் நேரில் சென்று அந்த ஆற்றைப் பார்த்தார். சீச்சேவாலுக்கு 2017இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

நாளைத் தேர்ந்தெடுத்தல்

மார்ச் 14 குரு ஹர் ராய் பீடமேறிய நாளாகக் கொள்ளப்படுகிறது. நானக்‌ஷாகி நாட்காட்டியில் அது சேத் மாதத்தின் முதல் நாள், அதாவது சீக்கியரின் ஆண்டுப் பிறப்பு. 2009இல் உருவான எக்கோசிக் என்ற அமைப்பின் முயற்சியால் அந்நாளை உலகெங்கும் உள்ள சீக்கிய வழிபாட்டிடங்களான குருத்வாராக்கள் சீக்கியர் சுற்றுச்சூழல் நாளாகக் கொண்டாடுகின்றன. பெரும்பாலான இடங்களில் அன்று மரக்கன்று நடுகிறார்கள்.

குமரி மாவட்டத்தில் அன்று மரம் நடவேண்டாம். பஞ்சாபில் மார்ச் மாதம் இளவேனில். நமக்கோ அது கோடையின் வாசல். மார்ச் நடுவில் வைத்த கன்று ஏப்ரலையும் மே மாதத்தையும் தாண்டவேண்டுமானால் நாள்தோறும் யாராவது குடம் சுமக்கவேண்டும். புகைப்படத்துக்காக நட்டுவிட்டுப் போவது பெரும்பாலும் கன்றைக் கொல்வதாகவே முடிகிறது.

ஆனால் குளத்து வேலைக்கு அதைவிடப் பொருத்தமான நாள் அமையாது. கும்பப்பூ நெல் அறுவடை அப்போது முடிந்திருக்கும் அல்லது முடியும் தறுவாயில் இருக்கும். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளிலிருந்து தோவாளை சானல், அனந்தனாறு, நாஞ்சில் நாட்டுப் புத்தனாறு, பட்டணம்கால் ஆகியவற்றுக்கு வரும் தண்ணீரைப் பொதுவாகக் கோடைக்கு முன் அடைத்துவிடுவார்கள். கன்னிப்பூ நெல் சாகுபடிக்காக ஜூன் தொடக்கத்தில் மறுபடி திறப்பார்கள். இந்த இடைவெளியில் குளத்தின் நீர்மட்டம் இறங்கி, மடையும் கரையின் உள்சரிவும் வெளியே தெரியும். ஆகவே மார்ச் 14இல் அல்லது அதையொட்டிய ஞாயிற்றுக்கிழமையில் குளத்தில் இறங்குங்கள்; நடவை இடவப்பாதி மழைக்கு, அதாவது ஜூன் மாதத்துக்கு, ஒத்திவையுங்கள். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்து நனைக்கும் மாவட்டம் நம்முடையது. ஜூனில் வைத்த கன்றுக்கு ஐப்பசி மழையும் கிடைத்துவிடும்.

மாதந்தோறும் கூடுவதற்கும் அந்த மரபிலேயே வழி இருக்கிறது. சூரிய மாதத்தின் முதல் நாளைச் சங்கராந்து என்று சொல்லிச் சீக்கியர் குருத்வாராவில் கூடுவார்கள். பங்குனி முதல் தேதி மார்ச் 14, 15 வாக்கில்தான் வருகிறது. கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் மலையாள மாதக் கணக்கை இன்னும் மறவாத பெரியவர்களுக்கு அது மீனம் ஒன்று. எனவே ஒவ்வொரு மாதமும் முதல் தேதியை அடுத்துவரும் ஞாயிற்றுக்கிழமை குளத்து வேலை என்று வைத்துக்கொண்டால், யாரும் யாருக்கும் நினைவூட்டவேண்டிய தேவை குறையும்.

குளமும் அனுமதியும்

முதல் ஆண்டுக்குச் சிறிய குளமாகப் பாருங்கள். ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் பரப்புள்ள, பணிக்கு வருகிறவர்களின் வீட்டிலிருந்து நடந்து போகும் தொலைவிலுள்ள குளமே சிறந்தது. சுசீந்திரம், தேரூர் போன்ற பெருங்குளங்களைத் தொடக்கத்திலேயே எடுத்துக்கொள்ளவேண்டாம். சுசீந்திரம்–தேரூர் ஈரநிலத் தொகுதியும் வேம்பனூர் ஈரநிலத் தொகுதியும் 2022இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றவை. அங்கு எதைச் செய்வதானாலும் வனத்துறையின் ஒப்புதல் வேண்டும். வலசை வந்த பறவைகளில் ஒரு பகுதி மார்ச் மாதத்திலும் அங்கே தங்கியிருக்கக்கூடும் என்பதையும் மனத்தில் கொள்ளவேண்டும்.

குளம் யாருடையது என்பதை அடுத்ததாகத் தெரிந்துகொள்ளுங்கள். சில குளங்கள் நீர்வளத் துறையிடமும், சில ஊராட்சியிடமோ பேரூராட்சியிடமோ, சில கோவில் நிர்வாகத்திடமும் இருக்கின்றன. கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டால் வருவாய்ப் பதிவேட்டைப் பார்த்துச் சொல்லிவிடுவார். உரிய அலுவலகத்தில் எழுத்து மூலமாக விண்ணப்பித்து, எழுத்து மூலமாகவே ஒப்புதல் பெறுங்கள். மீன் குத்தகையோ தாமரைக் குத்தகையோ எடுத்தவர் இருந்தால், அவரை வீட்டுக்கே போய்ப் பார்த்துப் பேசுவது அலுவலக அனுமதிக்குச் சமமான முக்கியத்துவம் உடையது. தோவாளைச் சந்தைக்குத் தாமரை அனுப்பிப் பிழைக்கும் ஒருவருடைய கொடிகளைக் களை என்று நினைத்து வாரிப்போட்டால், அந்த ஊரில் மறுபடி யாரும் இந்தப் பணிக்கு வாய் திறக்க முடியாது.

மண்ணைத் தொடவேண்டாம் என்பதை விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். தூர்வாருதல் அரசின் அளவீட்டோடும் அனுமதியோடும் நடக்கவேண்டிய வேலை. குளத்து மண்ணும் செம்மண்ணும் லாரியில் ஏறிப்போன கதைகள் இந்த மாவட்டத்தில் ஊருக்கு ஊர் உண்டு. நல்ல எண்ணத்தோடு தொடங்கும் ஒரு பணி அந்த ஐயத்துக்கு இடம் கொடுக்கலாகாது. இயந்திரம் தருகிறேன் என்று வசதியுள்ளவர் ஒருவர் முன்வரலாம். மதகை உடைத்து, கரையின் கல்கட்டைச் சரித்து, ஒரே நாளில் குளத்தைப் பளிங்காக்கும் இயந்திரம் குரு ஹர்கோபிந்த் சொன்ன அகன்ற அங்கியே. நன்றி கூறி, அந்தத் தொகையை அரிசிக்கும் பயற்றுக்கும் தரும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.

செடியை வாரும் முன்னரே, குளத்துக்குள் என்னென்ன வந்து விழுகிறது என்று கரையைச் சுற்றி நடந்து பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். குளியலறைக் குழாய், கழிவறைத் தொட்டியின் வழிவு, கோழிக்கடைக் கழிவு, கல்யாண மண்டபத்து எச்சில் இலை ஆகிய ஒவ்வொன்றும் ஆகாயத்தாமரைக்கு உரம். சீச்சேவால் கழிவுநீரைத் திருப்பிய பிறகுதான் காளி பேயீன் தெளிந்தது. உங்கள் குளத்தில் அப்படி இரண்டு, மூன்று குழாய்கள் இருந்தால், அந்த வீட்டுக்காரர்களோடு பேசி, உறைகிணறு போன்ற உறிஞ்சுகுழி ஒன்றை அவர்கள் விளையிலேயே (தோட்டத்திலேயே) தோண்டிக் கொடுப்பதை முதல் சேவையாகக் கொள்ளுங்கள். உறிஞ்சுகுழி குளிக்கும் நீருக்கும் துவைக்கும் நீருக்கும்தான். கழிவறை நீரை அதில் விட்டால் பக்கத்துக் கிணறு கெடும்.

பணி நாள்

அமிர்தசரஸ் பொற்கோவிலின் திருக்குளத்தில் படிந்த சேற்றை 1923இலும் 1973இலும் பின்னர் 2004இலும் மக்களே கூடி அகற்றினார்கள். இதனைக் கார் சேவா என்பார்கள். அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடியவை சில. யாருக்கும் கூலி இல்லை, யாருக்கும் பொன்னாடை இல்லை. பெரிய மனிதர் வந்தால் அவரும் வரிசையில் நின்று கடவத்தை (ஓலைப்பெட்டியை) கைமாற்றுவார். நீண்ட வரிசையாக நின்று, அள்ளியதை ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாற்றும் முறையால் முதியவரும் சிறுவரும் நின்ற இடத்திலேயே வேலை செய்யமுடிகிறது. வேலையின்போது இறைநாமம் பாடுவார்கள். உங்கள் ஊரில் மக்கள் எதைப் பாடுவார்களோ அதைப் பாடட்டும். மேடை, ஒலிபெருக்கி, வரவேற்புரை ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். அறிவிப்புத் தாள் அச்சிடவேண்டுமானால், அமிர்தசரஸில் பிங்கல்வாரா என்ற ஆதரவற்றோர் இல்லத்தை நிறுவிய பகத் பூரண் சிங் (1904–1992) சுற்றுச்சூழல் பற்றிய தம் துண்டறிக்கைகளை ஏற்கெனவே பயன்படுத்திய தாள்களில் அச்சிட்டுக் கொடுத்ததை நினைத்துக்கொள்ளுங்கள். பழைய வினாத்தாள்களின் மறுபுறம் பள்ளிக்கூடங்களில் கட்டுக்கட்டாகக் கிடைக்கும்.

காலை ஆறு மணிக்குத் தொடங்கிப் பத்து மணிக்குள் நீர் வேலையை முடித்துவிடுங்கள். பங்குனி வெயிலில் அதற்குமேல் நிற்பது தகாது. நீச்சல் தெரிந்தவர்கள் மட்டுமே நீரில் இறங்கவேண்டும், அதுவும் இடுப்பளவுக்குள். காலில் வெட்டுக்காயமோ சேற்றுப்புண்ணோ உள்ளவர்கள் கரையிலேயே நிற்கட்டும், ஏனெனில் தேங்கிய நீரில் எலிக்காய்ச்சல் தொற்றும் வாய்ப்பு உண்டு. இறங்குகிறவர்களுக்கு முழங்கால் வரையிலான ரப்பர் காலணியும் கையுறையும் வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் முன்கூட்டியே தெரிவித்து, தடுப்பு மருந்து தேவையா என்று மருத்துவரிடமே கேட்டுவிடுங்கள். பணி முடிந்து ஓரிரு வாரங்களுக்குள் காய்ச்சலும் தசைவலியும் கண்டால், குளத்தில் இறங்கியதை மருத்துவரிடம் மறவாமல் சொல்லவேண்டும்.

ஆகாயத்தாமரை தென்னமெரிக்காவிலிருந்து வந்த செடி. ஒரு தாய்ச்செடி பக்கத்தில் கொடி விட்டுப் பிள்ளைச்செடிகளைப் பெருக்கும். வசதியான நீரில் ஏறத்தாழ இரண்டு வாரத்தில் பரப்பு இரு மடங்காகிவிடும். அதன் விதை சேற்றில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். அதனால் ஊதாப் பூ விடுவதற்கு முன் வாருவதே முறை. காற்று எந்தக் கரையில் செடியை ஒதுக்குகிறதோ அந்தக் கரையில் தொடங்குங்கள். காலியான தண்ணீர்க் குடுவைகளைக் கோத்த கயிற்றைக் குறுக்கே கட்டி, குளத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டு, ஒரு பகுதியை முற்றிலும் முடித்த பிறகே அடுத்ததற்குப் போகவேண்டும். குளம் முழுவதிலும் பாதி பாதியாக வாரினால், மீந்த செடி அடுத்த மாதத்துக்குள் எல்லாவற்றையும் நிரப்பிவிடும். நீண்ட மூங்கில் கழியில் இரும்புக் கொக்கி மாட்டி இழுப்பது எளிது. ஆழமான இடத்துக்குச் சிறு வள்ளம் ஒன்றும் அதை ஓட்டப் பழகியவரும் தேவைப்படுவார்கள்.

வாரும்போது எல்லாவற்றையும் வழித்தெடுத்துவிடக்கூடாது. சம்பங்கோரை, தாழை, அல்லி, தாமரை ஆகியவை குளத்தின் சொந்தக்காரர்கள். தாமரைக்கோழியும் இலைக்கோழியும் மிதக்கும் இலைகளின்மேல் முட்டையிடுகின்றன. நாணல் புதரில் நீர்க்கோழி ஒளிந்துகொள்கிறது. கரையோரத்தில் ஒரு பட்டையை அப்படியே விட்டுவைப்பது நல்லது. முதலில் வருகிறவர்களுக்கு எது களை, எது உரியது என்று ஒவ்வொரு செடியையும் கையில் எடுத்துக் காட்டிவிட்டு இறக்குங்கள். வலையில் வரும் தண்ணீர்ப்பாம்பை அடிக்காமல் விட்டுவிடவேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம்.

வாரிய செடி பெரும்பாலும் தண்ணீரே. கரையில் நீர் வடியுமாறு, ஆனால் மழை வந்தால் குளத்துக்குள் திரும்ப அடித்துச் செல்லாத தொலைவில், குவித்து இரண்டு, மூன்று நாள் வாடவிடுங்கள். பின்னர் வெட்டுகத்தியால் துண்டாக்கி, சாணிக் கரைசலும் காய்ந்த சருகும் அடுக்கடுக்காகச் சேர்த்து மூடிவைத்தால் இரண்டு மாதங்களில் உரமாகிவிடும். வாழைக்கும் தென்னைக்கும் போடலாம். தொழிற்கூடக் கழிவு கலக்கும் நீர்நிலையில் வளர்ந்த செடியானால் அதை உரமாக்கவேண்டாம், அது நஞ்சான உலோகங்களை உறிஞ்சிவைத்திருக்கும். நெகிழிக் குப்பையைத் தனியே பிரித்து, அன்றே உள்ளாட்சியின் தூய்மைப் பணியாளர்களிடம் ஒப்படைக்க முன்னரே பேசிவைத்துக்கொள்ளவேண்டும்.

லங்கர்

வேலைக்குப் பின் எல்லாரும் ஒரே வரிசையில் தரையில் அமர்ந்து ஒரே உணவை உண்பது இந்த முறையின் பாதி. சீக்கியர் அதை லங்கர் என்பார்கள். மூன்றாவது குரு அமர்தாஸ், தம்மைக் காண வருகிறவர் முதலில் பந்தியில் அமர்ந்து உண்ணவேண்டும் என்று வகுத்தார். அக்பரும் அப்படியே உண்டதாகச் சொல்வார்கள். கோயிந்வாலில் எல்லாச் சாதியாரும் இறங்கி நீர் எடுக்க எண்பத்துநான்கு படிகளோடு ஒரு கிணற்றையும் அவர் அமைத்தார். சுவாமிதோப்பில் அய்யா வைகுண்டரின் முத்திரிக் கிணற்றையும் சமபந்தியையும் அறிந்த மண்ணில் இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். தலைப்பாகையைத் தன்மானத்தின் அடையாளமாகக் கொண்டதிலும் இரு மரபுகளும் நெருங்கிவருகின்றன என்பதைப் போகிறபோக்கில் குறிப்பிடலாம்.

பஞ்சாபி உணவைச் சமைக்க முயலவேண்டாம். லங்கரின் விதி, உணவு சைவமாகவும் எவரும் உண்ணத்தக்கதாகவும் எளியதாகவும் இருக்கவேண்டும் என்பதே. கஞ்சியும் பயறும் இதற்கெனவே பிறந்த உணவு. ஆளுக்கு 100 கிராம் அரிசி, 50 கிராம் சிறுபயறு, தேங்காய்த் துவையல், ஒரு மாங்காய் ஊறுகாய்த் துண்டு என்று கணக்கிட்டால், நூறு பேருக்குப் பத்துக் கிலோ அரிசியும் ஐந்து கிலோ பயறும் போதும். மரச்சீனிக் கிழங்கு மலிவாகக் கிடைக்கும் பருவமானால் அவித்து வைக்கலாம். வீடு வீடாக ஒரு பிடி அரிசி கேட்டு வாங்குவது கடையில் மூட்டையாக வாங்குவதைவிட மேலானது. அரிசி கொடுத்த வீட்டார் குளத்தையும் எட்டிப்பார்ப்பார்கள்.

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்கள் 2019 சனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டவை. அந்தத் தடைக்கு அப்பாலும், லங்கரில் தட்டைக் கழுவுவதே ஒரு சேவை. ஸ்டீல் தட்டுகளை ஊர்ச் சங்கத்திலோ ஆலயத்திலோ இரவல் வாங்கி, உண்டவர்களும் உண்ணாதவர்களும் சேர்ந்து கழுவுங்கள். கழுவும் இடம் குளத்திலிருந்து தள்ளி, வாழை மூட்டில் இருக்கட்டும். பரிமாறுகிறவர் தலையை மூடிக்கொள்வதும் காலணி அகற்றுவதும் சீக்கியர் வழக்கம். தூய்மைக்கும் அது நல்லது. சீக்கியர் எவரையேனும் அழைத்திருந்தால், அந்த இடத்தில் புகையிலையும் பீடியும் மதுவும் இல்லாதபடி பார்த்துக்கொள்வது அவருக்குச் செய்யும் முதல் மரியாதை. மீந்த உணவை எங்கே கொடுப்பது என்பதைச் சமைக்கத் தொடங்கும் முன்னரே முடிவு செய்துவிடுங்கள்.

ஜூன் நடவு

பஞ்சாபில் மரத்தின் பெயராலேயே வழங்கும் குருத்வாராக்கள் பல உள்ளன. சுல்தான்பூர் லோதியில் இலந்தை மரத்தால் பேர் சாகிப் என்று ஒன்று இருக்கிறது. பொற்கோவில் வளாகத்திலும் ஒரு பழைய இலந்தை போற்றப்படுகிறது. 1999 முதல் காதூர் சாகிபைச் சுற்றிய சாலையோரங்களில் பாபா சேவா சிங் என்பவர் மரம் வளர்த்துவருகிறார். குரு நானக்கின் 550ஆவது பிறந்த ஆண்டான 2019ஐ ஒட்டி, எக்கோசிக் அமைப்பு இடத்துக்கு 550 கன்றுகளாகச் சிறு காடுகளை நடத் தொடங்கியது. சப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கியின் முறையில், சதுர மீட்டருக்கு ஏறத்தாழ மூன்று கன்று வீதம் நெருக்கி நட்டால், 550 கன்றுக்கு நாலரை சென்ட் நிலம் போதும். பள்ளி வளாகத்தின் மூலையிலோ கோவில் புறம்போக்கிலோ அந்த அளவு கிடைத்துவிடும்.

இருந்தாலும் நெருக்கக் காடு எங்கும் பொருந்துவதில்லை. குளத்துக் கரைமேல் அதை வைக்கக்கூடாது. மதகுக்கும் கல்கட்டுக்கும் பக்கத்தில் பெருவேர் விடும் ஆலையும் அரசையும் நட்டால் கரை பிளந்துவிடும். கரைமேல் பனை நிற்கட்டும். பனங்கொட்டையை ஆவணி, புரட்டாசியில் நேரடியாக ஊன்றினால் போதும், கன்று வாங்கத் தேவையில்லை. கரையின் வெளிச்சரிவுக்கு அப்பால் நாவல், மருது, புங்கு, இலுப்பை ஆகியவை ஈரத்தைத் தாங்கி வளரும். மணக்குடி போன்ற கடலோர ஊர்களில் புன்னையும் பூவரசும் உப்புக்காற்றுக்கு அஞ்சாதவை. கல்குளம், விளவங்கோடு பக்கத்துச் செம்மண் விளைகளில் அயனியும் வேங்கையும் நன்றாக வரும். அயனி நம் பகுதியில் வள்ளத்துக்கும் வீட்டுக்கும் மரம் தந்து, பழத்தால் பறவைகளை வளர்த்துவந்த மரம். ரப்பர் வந்த பிறகு அதை நடுகிறவர் குறைந்துவிட்டனர். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீழ்த்திய மரங்களின் இடம் பல ஊர்களில் இன்னும் வெறுமையாகவே கிடப்பதால், இடம் தேடி அலையவேண்டியிராது.

கன்று தன் பையைவிட இரு மடங்கு அகலமுள்ள குழியில், மேல்மண்ணும் மார்ச் மாதத்தில் செய்த அந்த ஆகாயத்தாமரை உரமும் கலந்த கலவையில் நிற்கவேண்டும். பாலித்தீன் பையைக் கிழித்து எடுத்த பிறகே நடவேண்டும் என்பதை ஒவ்வொரு கையிடமும் சொல்லவேண்டியிருக்கிறது. அடியில் காய்ந்த தென்னை ஓலையையும் சருகையும் பரப்பி மூடுங்கள். ஆடு மேயும் இடமானால் முள்வேலி இல்லாமல் நடுவது வீண். முதல் இரண்டு கோடைகளுக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பை வீட்டுக்கு ஐந்து கன்று வீதம் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். தர மறுப்பவர்கள் எத்தனை பேரோ அத்தனை ஐந்து கன்றுகளைக் குறைத்து நடுவதே ஒழுங்கு.

தொடர்ந்து வரும் மாதங்கள்

பங்குனியில் வாரிய குளத்தைச் சித்திரை முதல் ஞாயிறில் பார்க்காவிட்டால் உழைப்பு அத்தனையும் போகும். இரண்டு வாரம் கழித்து நாலைந்து பேர் மட்டும் போய், மூலைகளில் ஒதுங்கி நிற்கும் பிள்ளைச்செடிகளைப் பொறுக்கிவிடவேண்டும். பெருங்கூட்டம் செய்த வேலையைக் காப்பது இந்தச் சிறு வேலைதான். ஜூனில் சானல் திறந்ததும், வரத்துநீரோடு மேலேயுள்ள குளத்திலிருந்து செடி மிதந்து வரும். நீர் நுழையும் வாயில் மூங்கில் தட்டி ஒன்றைக் கட்டி, வாரம் ஒருமுறை அதில் தங்கியதை எடுத்துப் போடுங்கள். மேல்குளத்து ஊராரையும் அடுத்த பங்குனிக்கு அழைப்பது இன்னும் நல்லது, ஏனெனில் குமரியின் குளங்கள் ஒன்றின் வழிவு மற்றொன்றுக்கு வரத்தாகச் சங்கிலியாய் இணைந்தவை.

ஒரு நோட்டுப் புத்தகத்தைக் குளக்கரைக் கடைக்காரர் ஒருவரிடம் கொடுத்துவையுங்கள். மதகுக் கல்லில் பெயிண்டால் அடையாளமிட்டு, மாதந்தோறும் நீர்மட்டம், வாரிய செடியின் கடவக் கணக்கு, வந்த ஆட்கள், பட்டுப்போன கன்றுகள், புதிதாகக் கண்ட குழாய் ஆகியவற்றை அதில் எழுதுங்கள். அடுத்த ஆண்டு அனுமதி கேட்டு அலுவலகத்துக்குப் போகும்போது அந்த நோட்டின் நகலையும் விண்ணப்பத்தோடு இணைக்கலாம். கொக்கி, கயிறு, கடவம், மம்பட்டி, ரப்பர் காலணி ஆகியவற்றைக் கழுவிக் காயவைத்து ஒரே இடத்தில் பூட்டிவைத்து, சாவியைக் குளத்துக்கு மிக அருகில் வசிக்கும் இரண்டு வீடுகளில் கொடுத்துவிடுங்கள். அவற்றுள் ஒன்று, பணி நாளில் சமையலுக்குப் பொறுப்பேற்ற பெண்களில் ஒருவருடைய வீடாக இருக்கட்டும்.